31-ம் எண் பலிபீடத் துணி

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? போனில் எதைச் சொன்னாலும் “ஆங், ஆங்” என்கிறாய். சட்டைக் கம்பெனி மெஷின்கள் உன் காதைத் தின்றுவிட்டதால் நான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

ஒரு சேதி. நம் கான்வென்ட் போர்டிங்கை மூடியபோது தையல் அறையிலிருந்த மரப்பெட்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போயினவாம். நூறு வருடத்துக்கு முன் இருந்த பிள்ளைகள் தைத்ததிலிருந்து நம் காலத்துத் துணிவரை அப்படியே உள்ளே இருந்திருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்து பாதுகாக்கிற பெண் ஒருத்தி, மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் என் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். கைப்பையில் எப்போதும் வெள்ளைக் கையுறை வைத்திருக்கிறாள். கையுறைக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

என் பலிபீடத் துணி கிடைத்திருக்கிறதாம். திராட்சைக் கொடி, கோதுமைக் கதிர், நடுவில் ஆட்டுக்குட்டி. ஓரத்தில் 31 என்ற எண்ணைப் பார்த்து, போர்டிங் பதிவேட்டில் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆகஸ்டில் கண்காட்சி. இருக்கிறதிலேயே அதுதான் சிறந்த வேலையாம், வாசலுக்கு நேரே வைக்கப் போகிறார்கள். “இதைத் தச்ச கைய ஒருவாட்டி பார்க்கணும் மேடம்” என்று என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேநீர் ஆறுகிறது என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டேன்.

உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன். மகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நானும் மகளும் பேத்தியும் நலம். காது அப்படியேதான். கேட்காததும் சில சமயம் வசதி, மகளின் திட்டு பாதிதான் உள்ளே போகிறது.

நம் துணி பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். ஆட்டுக்குட்டியின் இடது காதைப் பார். அதில் ஓர் இழை மட்டும் சாம்பல் நூலாக இருக்கும். அன்றைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோனது. சிஸ்டர் கண்ணில் படவில்லை என்று இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஊசி பிடிக்க வராது என்றே நினைக்கிறேன். கம்பெனியில் காலர் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தாலும் அது மெஷின், பாதி வேலை காலுக்குத்தான். பேத்தியின் பள்ளிச் சட்டையில் பொத்தான் விழுந்தால் மகள் முக்கிலிருக்கும் தையல்கடைக்குத்தான் ஓடுகிறாள்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. படி ஏறி இறங்காதே.

தங்கை


பிப்ரவரி 5

அன்புள்ள தங்கைக்கு,

சளி பிடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீங்கள் மூவரும் நலம்தானே?

சாம்பல் இழை இருக்கிறது. கையுறைக்காரி பூதக்கண்ணாடியில் காட்டினாள். “இதை எப்படி இவ்வளவு வருஷம் ஞாபகம் வெச்சிருக்கீங்க!” என்று மாய்ந்துபோனாள். நான் பூதக்கண்ணாடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது புதிதாக ஒன்று கிளப்புகிறாள். துணியின் பின்னால் வைத்துத் தைத்த வெள்ளை உள்துணியில் ஈரக்கறை ஏறியிருக்கிறதாம். அதைப் பிரித்தெடுக்க வேண்டும், அதற்குத் தைத்தவர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்கிறாள். முடியாது என்றுவிட்டேன். பழைய துணி, இழுத்தால் கிழியும். அவள் என்னைவிடப் படித்தவள்தான், இருந்தாலும் நாற்பது வருடம் தையல் டீச்சராக இருந்தவளுக்குத் தெரியாதா? “கிழியாது மேடம், ஒவ்வொரு தையலா வெட்டித்தான் எடுப்பேன்” என்கிறாள். பிடிவாதக்காரி. இரண்டு முறை வந்துவிட்டாள், மூன்றாவது முறை நான் வீட்டில் இல்லாதது போல விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டதா? எங்களுக்கு ஒன்றுமில்லை.

எழுபத்து நான்கு வயதில் விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறாயே, கடன்காரனுக்குக்கூட யாரும் இப்படிப் பயப்படமாட்டார்கள். பிரிக்கட்டும் அக்கா. பிரித்தால் என்ன தெரியும்? பின்பக்கம் நூல் எதிர்த்திசையில் ஓடுவது தெரியும். தைத்தது நொட்டாங்கை என்று தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

நாம் இதை ஒருநாளும் பேசியதில்லை. நானே எழுதிவிடுகிறேன், அப்போதாவது உன் பயம் தீரும். காலை ஜெபம் முடிந்ததும் நாடாவால் என் இடது கையை இடுப்போடு கட்டுவாய். பெரியவள், பொறுப்பானவள் என்று தையல் சிஸ்டர் உன்னிடம் ஒப்படைத்த வேலை. தையல் வகுப்பில் கடைசி பெஞ்சில் மேசைக்கடியில் அவிழ்த்துவிட்டு உன் துணியை என் மடியில் தள்ளுவாய். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி கட்டுவாய். அந்தப் பத்து நிமிடத்தில் என் துணியைச் சோத்தாங்கையால் தைப்பேன். அது தையலாகவா இருந்தது? கோழி கிளறின குப்பை.

எனக்கு அப்போது கை அவிழ்ந்தால் போதும் என்றிருந்தது. யார் துணி என்றா பார்த்தேன்?

தங்கை


மார்ச் 3

என் அன்புத் தங்கைக்கு,

உடம்பு தேவலை. உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒருநாள் முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. அந்தத் துணிக்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் மதர் என்னைத் தன் செலவில் ஆசிரியப் பயிற்சிவரை படிக்க வைத்தார். உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன், நீ கம்பெனியில் காதைத் தொலைத்தாய். என் வகுப்பில் ஒரு பிள்ளை இடது கையில் ஊசி எடுத்தால் பார்க்காதது போல இருந்துவிடுவேன். அதையே பெரிய புண்ணியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

கையுறைக்காரியிடம் துணியைத் தைத்தது நீதான் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்துணியைப் பிரிக்க வேண்டாம். அது ஒன்றை மட்டும் என் போக்கில் விடு.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் விழுந்து சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்கிறாள்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? பதினான்கு வயதுப் பிள்ளை நீ, உனக்கும் சிஸ்டரிடம் பயம் இருக்கத்தானே செய்யும். அந்த ஒரு மணி நேரமும் எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டும் என்றால் சொல், வேண்டாம் என்றால் விடு.

எனக்கு வேண்டியது வேறு. அந்தப் பெட்டிகளில் 32 என்று எண் போட்ட துணி எதுவும் இருக்கிறதா என்று கேள். பார்வையாளர் நாளில் கழுத்தில் மாட்டி வாசலில் நிறுத்திவைத்தார்களே, என் கோணல் திராட்சை, அதுதான். அசிங்கமாக இருந்தாலும் நான் தைத்தது. அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று என் டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தேன். ஊருக்குக் கிளம்பிய அன்று காணோம். நீயும்தானே கட்டிலுக்கடியில் தவழ்ந்து என்னோடு தேடினாய்? சிஸ்டர் எரித்திருப்பார்கள் என்று நீதான் சொன்னாய். ஒருவேளை எரிக்காமல் எங்காவது போட்டிருந்தால்?

கேட்டு எழுது.

தங்கை


மார்ச் 25

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். கேட்டேன். 32 என்று எதுவும் இல்லையாம். மூன்று பெட்டியையும் பார்த்துவிட்டாளாம். வருத்தப்படாதே. முழங்கால் அதிகமாக வலிக்கிறது, மறுபடி எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 30

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதியோடு இதை எழுதவில்லை.

போன கடிதத்தில் எழுதியது பொய். நான் கையுறைக்காரியிடம் கேட்கவே இல்லை. உன் துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அறுபது வருடமாகத் தெரியும்.

பரிசுக்கு மதர் பார்க்கப்போகும் துணிகளுக்குப் பின்னால் உள்துணி வைத்துத் தைக்கச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? எனக்குக் கிடைத்தது மெல்லிய வெள்ளைத் துணி. தைத்து முடித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பின்நூல் அப்படியே தெரிந்தது. தையல் சிஸ்டர் எந்தத் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார். “முகம் ஊருக்கு, முதுகு கடவுளுக்கு” என்பார். நூல் ஓடும் திசையைப் பார்த்தால் ஒரே நொடியில் உன் கை என்று கண்டுபிடித்திருப்பார். நடுவில் கனமாக ஏதாவது வைத்தாக வேண்டும். அதே அளவுத் துணி போர்டிங்கிலேயே ஒன்றுதான் இருந்தது.

உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து நான்தான் எடுத்தேன். உன் துணியை உள்ளே வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்துச் சுற்றிலும் தைத்து மூடினேன். நீ தேடியபோது கட்டிலுக்கடியில் தவழ்ந்தேனே, அப்போது அது தையல் அறையில் பரிசு மேசைமேல் இருந்தது. நீ அழுதாய். நான் உன் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

உன் மார்ச் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு மாதம் சமாளித்துப் பார்த்தேன். முடியவில்லை. நேற்று போய்க் கையெழுத்துப் போட்டேன். நான் பக்கத்தில் நிற்க, கையுறைக்காரி சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். வெள்ளைத் துணி விலகியது. உள்ளே உன் திராட்சைகள். வெளிச்சமே படாததால் நிறம் கொஞ்சமும் போகவில்லை. முன்னால் இருக்கும் துணி பலிபீடத்தில் வெளிச்சம்பட்டு மங்கிவிட்டது, உன்னுடையது நேற்றுத் தைத்தது போலச் சிவப்பாக இருக்கிறது. மூலையில் 32. இரண்டு சாய்ந்து மூன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

“இது யாரோடது மேடம்?” என்றாள். “என் தங்கச்சியோடது.” “ரெண்டும் எப்படி ஒண்ணா சேர்ந்துச்சு?” என்றாள்.

சொன்னேன். நாடாவிலிருந்து டிரங்குப் பெட்டிவரை எதையும் விடாமல் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மன்னித்துவிடு என்று மார்ச்சில் எளிதாக எழுதிவிட்டேன். இப்போது எழுத வரவில்லை.

அக்கா


ஜூன் 14

தங்கைக்கு,

ஆறு வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன் செய்தேன். “அம்மா படுத்திருக்காங்க பெரியம்மா” என்றாள் உன் மகள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீ படுக்கிறவள் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது குரலில் தெரிந்தது.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். கண்காட்சி திறக்கும் நாளில் உன் துணியை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கப் போகிறேன். உன்னை நிறுத்தியது போலவே. அப்படியாவது தீரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எழுதப் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

கழுத்தில் மாட்டிக்கொள்கிற நாடகமெல்லாம் வேண்டாம். நீ அப்படி நின்றால் ஊரே உன்னைத்தான் பார்க்கும், ஐயோ பாவம் டீச்சர் என்று. அது என் துணி. உன் பாவத்தைக் கழுவ நான் தைக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போன அன்று அம்மா என் டிரங்குப் பெட்டியைத் தரையில் திறந்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து உதறிப் பார்த்தார். “மூணு வருஷமா என்ன பண்ணே?” என்றார். “தச்சேம்மா” என்றேன். “எங்கே?” என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்து மூடினார். அடுத்த மாதம் வயதைக் கூட்டிச் சொல்லிக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம் இருந்தார். தன் உடுப்பில் ஒரு பொத்தான் அறுந்தால்கூட என்னிடம் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார். இவளுக்குத் தைக்க வராது என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டுக் கேட்டு நானும் அப்படியே நம்பிவிட்டேன். கோணலாக இருந்திருந்தாலும் அந்த ஒரு துணி பெட்டியில் இருந்திருந்தால் முயற்சியாவது செய்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கு அது போதும்.

கையை நீ கட்டியதில் எனக்குக் கோபமில்லை. பலிபீடத் துணிக்கு நீ பரிசு வாங்கியதிலும் கோபமில்லை. என்னோடு சேர்ந்து தேடினாயே, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கண்காட்சியில் பலிபீடத் துணிக்குக் கீழே எழுதும்போது உள்ளதை எழுதச் சொல். பெயர் யாருக்கும் வேண்டாம், எண் போதும். என் துணியைக் காட்சிக்கு வைக்காதே. தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவா. மகள் என்ன ஏது என்று கேட்பாள். அவளுக்கு நீயே பதில் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, அது கிடக்கட்டும்.

உன் வீட்டில் கண்காட்சியைப் பற்றிப் பேசத் தைரியம் வரவில்லை. துணிக்குக் கீழே ஒட்டியிருப்பதை எழுதுகிறேன்: “பலிபீடத் துணி. தைத்தது 32-ம் எண் மாணவி, வயது பன்னிரண்டு, இடது கையால். அந்தக் கையை நாள்தோறும் கட்டியதும், துணியில் தன் எண்ணைப் போட்டுப் பரிசு வாங்கியதும், அவளுடைய சொந்தத் துணியைத் திருடி இதற்குள் மறைத்ததும் 31-ம் எண் மாணவி, அவளுடைய அக்கா.”

கையுறைக்காரி தயங்கினாள். “திருடினதுன்னு வேணாமே மேடம், சின்னப் பிள்ளைங்கதானே.” “எடுத்தப்போ சின்னப் பிள்ளை. அப்புறம் அறுபது வருஷமும் சின்னப் பிள்ளையாவா இருந்தேன்?” என்றேன். அப்படியே போட்டுவிட்டாள். திறந்த அன்று என் பழைய மாணவிகள் நான்கு பேர் மாலையோடு வந்திருந்தார்கள். படித்துவிட்டு மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நானே வாங்கி நாற்காலியில் வைத்தேன்.

உன் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என்ன பேச வேண்டும் என்று வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். உன் மகள் அடுப்பருகே நின்று, “இது என்ன பெரியம்மா?” என்றதும் மனப்பாடம் எல்லாம் போய்விட்டது. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், வெளியே போகச் சொல்வாள் என்றுகூட நினைத்தேன். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு, உன் காதுக்கு எட்டும்படி குனிந்து, “அம்மா, உனக்குத் தைக்கத் தெரியுமா?” என்று கேட்டாள்.

நாற்பத்தைந்து வயது அவளுக்கு. அன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“தெரியும்” என்றாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எப்போதாவது பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலைக் காலத்தோடு டாக்டரிடம் காட்டு.

கோணல் திராட்சையைப் பேத்தி சுவரில் மாட்டியிருக்கிறாள். ஆணியும் கோணல். பார்க்கிறவர்கள் பேத்தி தைத்ததா என்று கேட்கிறார்கள்.

நேற்று மகள் ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. இடது கையால் ஊசியில் நூல் கோக்கவே கால் மணி நேரம் ஆனது. தைத்து முடித்ததும் அவள் சட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு சட்டை எடுத்துவந்தாள். அதில் ஒன்றில் பொத்தான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தங்கை